குடியை விட்ட பிறகு உள்ளே ஏசுகிற குரலை என்ன செய்வது

2022 பங்குனி. பெற்றோலுக்கு வரிசை தொடங்கியிருந்தது. கோழி ஏறிப் படுத்த சைக்கிள்கள் எல்லாம் தூசி தட்டப்பட்டு விசுவமடுவில் இருக்கிற என் கடைக்கு வந்துகொண்டிருந்தன. நான் குடியை விட்டு ஆறு கிழமை. ஒரு பின்சில்லைக் கழற்றி, அச்சுக் கிண்ணத்துக்குள் கிறீஸ் பூசி, சின்ன உருக்குக் குண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்சில்லுக்கு ஒரு பக்கம் 9 குண்டு. கை நடுக்கம் முழுதாக விடவில்லை. ஏழாவது குண்டு விரலிலிருந்து நழுவி மணலுக்குள் போய்விட்டது. உடனே தலைக்குள் ஒரு சத்தம்: "நாய்ப் பிறவி, ஒரு குண்டு பிடிக்க வக்கில்லை." அது ஓய முதல் அடுத்த நினைப்பு கால் போத்தல். குண்டு விழுந்ததற்கும் போத்தல் நினைவில் வந்ததற்கும் இடையில் அரை நிமிசம்கூட இல்லை.

இடையில் நின்ற அந்த ஏச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். குடிக்கிறவன் தன்னைத் தானே நாலு கேட்டால்தான் திருந்துவான் என்று நாங்கள் நம்புகிறோம். அடியாத மாடு படியாது என்பது எங்கள் பக்கம் பள்ளிக்கூடம், வீடு, வயல் மூன்றுக்கும் ஒரே சட்டம். என்னில் நடந்தது வேறு. ஏச்சு கூடிய நாள்களில்தான் நான் கூடக் குடித்தேன். அந்த ஏச்சு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் கையாளுவது என்பதை நான் செய்துபார்த்த மாதிரியே சொல்கிறேன். நான் வைத்தியன் இல்லை, உளவளத்துணை படித்தவனும் இல்லை, சில்லுக்குக் கம்பி பூட்டுகிறவன். கஞ்சா, மாத்திரை, ஐஸ் என்று வேறு வழியால் போய்த் திரும்புகிறவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் உடம்பு

சின்ன வயசு, மனக்காயம் எல்லாம் பிறகு. நாள்தோறும் குடித்தவர் வீட்டில் இருந்தபடி ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. கடைசிக் குடி முடிந்து ஆறேழு மணித்தியாலத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து ஆள் பிதற்றத் தொடங்கினால் அது உயிராபத்து. பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். அங்கே நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்கிற பி1 விற்றமினும் தருவார்கள். நான் ஐந்து நாள் கிடந்தேன். "நீங்களெல்லாம் திரும்பி வருவியள்தானே" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் ஊசி போட்டார். ஊசி நோகவில்லை.

முதல் இரண்டு மாதமும் பழசைக் கிண்டவேண்டாம். சாப்பாடு, நித்திரை, கடை பூட்டுகிற நேரம், இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் காணும். எனக்குப் பின்னேரம் ஐந்தரை கண்டம். கள்ளுத் தவறணைப் பக்கத்தால் போகிற ஒழுங்கையை விட்டுக் குளக்கட்டால் சுற்றிப் போகத் தொடங்கினேன். பத்து நிமிசம் கூட. வெளிக்கிட முதல் ஒரு பணிஸ் சாப்பிடுவேன். வெறும் பசியைக்கூடக் குடி ஆசை என்று உடம்பு பிழையாக விளங்கிக்கொள்கிற காலம் அது.

கோவிலில் சத்தியம் பண்ண வைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். 2019இல் என் மனைவி என்னை வற்றாப்பளை அம்மனுக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். 9 நாள் தாங்கியது. பத்தாம் நாள் குடித்தபோது வெட்கத்தோடு அம்மன் பயமும் சேர்ந்துகொண்டது. இனி எனக்கு மன்னிப்பே இல்லை, பிறகென்னத்துக்கு நிறுத்துவான் என்று மூன்று மாதம் விடாமல் குடித்தேன். உப்புநீரில் விளக்கெரிக்கிற தாயோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. சத்தியத்தைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே அடி வாங்கிக்கொண்டிருக்கிறவனுக்கு அது இன்னொரு தடி.

பத்துக் கேள்வி

மூன்றாம் மாதம் கிளினிக்கில் உளவளத்துணை செய்கிற தங்கச்சி ஒருவர், என்னிலும் பத்து வயது குறைவு, பத்துக் கேள்வி கேட்டார். 18 வயதுக்கு முதல் வீட்டில் பெரியவர்கள் உங்களை அடிக்கடி ஏசி அவமானப்படுத்தினார்களா? தழும்பு வரும்படி அடித்தார்களா? வீட்டில் குடிக்கு அடிமையானவர் இருந்தாரா? அம்மாவுக்கு அடி விழுந்ததா? இப்படிப் போகும். ஐந்துக்கு நான் ஓம் என்றேன்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் வின்சன்ற் ஃபெலிற்றி, றொபேட் அண்டா என்ற இரண்டு வைத்தியர்களும் கூட இருந்தவர்களும் 1998இல் வெளியிட்டார்கள். இப்படியான அனுபவங்களில் நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களோடு பார்க்க, குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து 4 முதல் 12 மடங்கு என்று அதில் கண்டார்கள். ஆபத்துத்தான், தலையெழுத்து இல்லை. என் கூடப்பிறந்த தங்கச்சியும் அதே வீட்டில்தான் வளர்ந்தாள். ஒரு மிடறு குடித்ததில்லை.

கேள்வி முடிய எனக்குக் கோபம் வந்தது. "தங்கச்சி, இதில ஷெல் எங்க? மாத்தளன் எங்க?" அந்தப் பத்தில் 2009இல் மாத்தளனில் நாங்கள் பட்ட போர் இல்லை, இடப்பெயர்வு இல்லை, மெனிக் பாம் அகதி முகாமின் முள்ளுக்கம்பி இல்லை. அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "அண்ணா, அதைப் பற்றி உங்களிட்ட இதுவரைக்கும் எத்தினை பேர் கேட்டிருப்பினம்?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். 2009க்குப் பிறகு எங்கள் குடும்பத்தை வைத்து எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஷெல் இருந்தது. எங்கள் வீட்டுப் படலைக்கு உள்ளே என்ன நடந்தது என்று ஒரு ஆள் கேட்டது அன்றைக்குத்தான்.

வன்னியில் பிறந்தவருக்கு இது ஒரு தனிச் சிக்கல். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று, அதாவது முழுச் சமூகமும் சேர்ந்து பட்ட காயம் என்று, எழுதியது எங்கள் எல்லாருக்கும் பொதுவானது, பெரியது. அந்தப் பெரிய காயத்துக்குக் கீழே வீட்டுக்குள் பட்ட சின்னக் காயம் மூடுண்டு போய்விடுகிறது. கால் போனவர் இருக்கிற இடத்தில், பிள்ளையைத் தேடித் திரிகிற தாய் இருக்கிற இடத்தில், அப்பா அடித்தார் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் வருகிற பதில் உங்களுக்கே தெரியும்: "எல்லாருக்கும்தானே நடந்தது."

கிறிஸ்ரின் நெஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இலிருந்து ஆங்கிலத்தில் 'செல்ஃப் கொம்பாஷன்' என்று எழுதிவருகிற முறையில் மூன்று பகுதி உண்டு. தன்னோடு அன்பாக நடப்பது. நோவை ஊதிப் பெருப்பிக்காமலும் மூடி வைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. இந்த இரண்டும் கஷ்டம்தான், ஆனால் என்னவென்று விளங்கும். மற்றது, இப்படி நோவதும் பிழை விடுவதும் மனிதர் எல்லாருக்கும் உள்ளது என்று உணர்வது. எங்களுக்கு இடறுகிற இடம் இதுதான். "எல்லாருக்கும்தானே" என்பதை நாங்கள் வாயைப் பொத்தத்தான் பழகி வைத்திருக்கிறோம். அதே வசனத்தைப் பக்கத்தில் வந்து குந்துகிற ஆளாகவும் எடுக்கலாம். "எல்லாருக்கும்தானே, நீ ஏன் அழுகிறாய்" என்று சொல்லாமல், "எல்லாருக்கும்தான், அப்ப நீ தனிய இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். வாயால், சத்தமாக. முன்பாதி ஒன்றுதான், ஆனால் நெஞ்சில் போய் விழுகிற இடம் வேறு.

இந்த முறைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. முதல் நாள் யாரோ "தன்னிரக்கம்" என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னிரக்கம் நான் பத்து வருசமாகத் தவறணையில் செய்துகொண்டிருந்தது. என்ர சீவியத்தைப் பார்த்தியா மச்சான் என்று தொடங்கி, மூன்றாவது போத்தலில் அழுது முடிப்பது. இது அது இல்லை. நான் "தன்னில் பரிவு" என்று சொல்லிக்கொள்கிறேன். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தாய் பார்க்கிற மாதிரி: கசாயம் கசக்கும் என்று தெரியும், ஆனாலும் பருக்கித்தான் விடுவாள்.

ஏச்சை எழுதிப் பாருங்கள்

ஒரு கொப்பி போதும். நான் கடைக் கடன் எழுதுகிற கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். ஒரு கிழமை, உள்ளே என்ன ஏச்சு வந்தாலும் வந்த சொல்லிலேயே எழுதவேண்டும். "என்னைப் பற்றித் தாழ்வாக நினைத்தேன்" என்று நாகரிகமாக எழுதினால் பயனில்லை. தூசணம் வந்தால் தூசணம். பேச்சுத் தமிழில் வந்தால் பேச்சுத் தமிழில்.

கிழமை முடிய எனக்குப் பதினாலு வசனம் இருந்தது. அதில் ஒன்று: "என்ர பேரைக் கெடுக்கவெண்டே வந்து பிறந்தது." பல தரம் வாசித்திருப்பேன். ஒருநாள் பின்னேரம், கடை பூட்டுகிற நேரம், "என்ர" என்ற சொல்லில் கண் நின்றது. என்னை நானே ஏசுகிறேன் என்றால் அந்த "என்ர" யார்? நான் இல்லையே. என் பெயரைக் கெடுக்க நான் எப்படி வந்து பிறப்பது? அது அப்பாவின் "என்ர". செத்துப் பதின்மூன்று வருசமாகியும் அவர் தன் வசனத்தை அச்சொட்டாகத் தன் வாயாலேயே எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மற்ற வசனங்களுக்கும் சொந்தக்காரரைத் தேடினேன். ஒன்பது அப்பாவினது. இரண்டு, நாலாம் வகுப்பில் முழங்காலில் நிற்கவைத்த வாத்தியாருடையது. ஒன்று அந்த ஊசி போட்டவருடையது. மிச்சம் இரண்டுதான் எனக்குச் சொந்தம். அவற்றில் ஒன்று நியாயமானது: "மனிசிக்குச் சொன்ன காசை இன்னும் குடுக்கேல்லை." நியாயமானதை ஏச்சோடு சேர்த்து எறிந்துவிடாதீர்கள். அதைக் கொப்பியின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். அது கடன், கட்டவேண்டியது.

பதில் சொல்லும் குரல்

"நான் நல்லவன், என்னை நான் நேசிக்கிறேன்" என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அது சரிவரவில்லை. என் வாயில் அந்தத் தமிழே ஒட்டவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் உங்களோடு உண்மையில் நன்றாகக் கதைத்த ஒரு ஆளைப் பிடியுங்கள். எனக்கு அம்மம்மா. அவ ஒருநாளும் என்னைப் புகழ்ந்ததில்லை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், வெற்றிலை இடித்தபடி, "திண்டியே மோனை?" என்பா. தின்னவில்லை என்றால் புட்டும் பனங்கட்டியும். அவ்வளவுதான்.

இப்போது குண்டு விழுந்தால், நட்டு இறுகாவிட்டால், கணக்குப் பிழைத்தால், அந்த ஏச்சு வரும். அதை வரவேண்டாம் என்று தள்ளுவதில்லை. வந்து முடிய, அம்மம்மா இதற்கு என்ன சொல்லியிருப்பா என்று கேட்பேன். "கை நடுங்குது மோனை, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வா." சரி என்று போய்த் தேத்தண்ணி குடிப்பேன். பதில் சின்னதாக, கையால் செய்யக்கூடியதாக இருந்தால்தான் வேலை செய்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெடியனுக்கு அப்படி ஒரு ஆளே வாழ்க்கையில் கிடைக்கவில்லை. யோசித்து யோசித்து, தன் நாயோடு தான் கதைக்கிற குரலை எடுத்துக்கொண்டான். "என்னடா, பயந்திட்டியே, வா வா." அவனுக்கு அது நன்றாகவே பிடிபட்டது.

நெஞ்சில் கை வைக்கிற பயிற்சி ஒன்றும் இருக்கிறது. ஆறுதலான தொடுகை உடம்பின் பதற்றத்தைக் குறைக்கும் என்பதுதான் அதன் கணக்கு. வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். விடிய ஐந்து மணிக்குக் கிணற்றடியில் குளிக்கும்போது யாரும் பார்க்கமாட்டார்கள். முதல் வாளி தலையில் ஊற்றியதும் மூச்சு ஒருதரம் பிடித்துக்கொள்ளும். அப்போது வலக்கையை நெஞ்சுக்குழியில் அழுத்தி வைத்து, கைச்சூடு தண்ணீருக்குள்ளால் தெரியும்வரை நிற்பேன். மூன்று மூச்சு, நாலு மூச்சு. சவர்க்காரம் போடுகிறான் என்று பார்க்கிறவர் நினைப்பார். இப்போதும் செய்கிறேன்.

அந்தப் பிள்ளையைப் பார்ப்பது

சின்ன வயது உங்களை மனக்கண்ணில் கொண்டுவந்து அணைத்துக்கொள்ளுங்கள் என்ற பயிற்சியை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் தரம் தனிய இருந்து செய்யாதீர்கள். நான் தனியச் செய்து, அன்று இரவு முழுக்க நித்திரையில்லாமல், விடிய நாலு மணிக்குத் தவறணை வாசலில் சைக்கிளோடு நின்றேன். நல்லகாலம், அது பூட்டு. பிறகு கிளினிக்கில், கண்ணைத் திறந்தபடி, பத்து நிமிசம் என்று அளவு வைத்துச் செய்தோம். அங்கேயும் எனக்கு அந்தப் பிள்ளையில் பரிவு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கதை இதுதான்.

1994, எனக்கு 9 வயது. அப்பா கள்ளு வாங்கிவரச் சொல்லி ஒரு கண்ணாடிப் போத்தல் தந்து அனுப்பினார். நிரப்பிக்கொண்டு வரும்போது குளக்கட்டு இறக்கத்தில் கால் தடுக்கிப் போத்தல் உடைந்துவிட்டது. அப்பா பூவரசந்தடி முறியும்வரை அடித்தார். பிறகு புதுத் தடி முறிக்க என்னையே அனுப்பினார். நாற்பது வயதை நெருங்கியும் நான் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "கண் தெரியாதே? கவனமாப் பிடிச்சிருக்கலாம்தானே" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது மாறியது பயிற்சியால் இல்லை. 2023இல் என் மகனுக்கு 9 வயது. ஒருநாள் இரவு கடையிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு, அவன் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மணிக்கட்டு என் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்கிற வளையத்துக்குள் அடங்கும். போத்தலின் கழுத்தை முழுதாகச் சுற்றிப் பிடிக்க அவன் விரல் காணவில்லை. நான் அப்படியே முக்காலியில் இருந்துவிட்டேன். "என்னப்பா?" என்றான். "ஒண்டுமில்லை ராசா, அதைக் கீழ வை, நான் எடுக்கிறன்."

ஆகவே என் ஆலோசனை இது. மனக்கண்ணை நம்பாதீர்கள். உங்களுக்கு அடி விழுந்த வயது எதுவோ, அந்த வயதுப் பிள்ளை ஒன்றை நேரில் பாருங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வீதியோரம் நின்றாலும் போதும். புத்தகப்பை முதுகில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, சைக்கிள் பெடலுக்குக் கால் எட்டுகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு அந்தப் பழைய வசனத்தை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வருகிறதா என்று கேளுங்கள்.

இதற்குள் ஒரு எச்சரிக்கை. பழசு நினைவில் வரும்போது அது இப்போதே நடக்கிற மாதிரி உடம்பு உதறினால், சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், இந்த வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இலங்கையில் 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1927 போதைப்பொருள் தொடர்பான அரச இலக்கம். கிளினிக் வாசலில் உங்கள் சைக்கிள் நின்றால் முழு ஊருக்கும் தெரிந்துவிடும் என்று பயமென்றால், முதலில் போனிலாவது கதையுங்கள். என் சைக்கிள் நின்றது ஊருக்குத் தெரிந்தது. இரண்டு கிழமை கதைத்தார்கள். பிறகு பெற்றோல் விலையைப் பற்றிக் கதைக்கப் போய்விட்டார்கள்.

வழுக்கினால்

131ஆம் நாள் நான் வழுக்கினேன். ஒரு செத்தவீடு. இரவு கடதாசி விளையாட்டு, பதினொரு மணிக்குப் பிளாஸ்ரிக் கோப்பை கைக்கு வந்தது. விடிய எழும்பியபோது கொப்பியில் இருந்த பதினாலும் வரிசையில் நின்றன. அலன் மார்லற் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறார்: ஒருதரம் வழுக்கியவரை முழுதாக விழுத்துவது பெரும்பாலும் அந்தக் கோப்பை இல்லை, "நான் இப்படித்தான், இனி எல்லாம் போச்சு" என்று அதன் பிறகு வருகிற தன் வெறுப்பு. அதிலிருந்து தப்பத் திரும்பவும் கோப்பை.

விடிய நான் செய்தது: இரண்டு பேணி தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி. மத்தியானத்துக்கு முதல் ஒரு ஆளுக்குச் சொல்வது. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவருக்குச் சொல்கிற மாதிரி, எவ்வளவு, எங்கே, யாரோடு, அதற்கு முதல் என்ன நடந்தது, அவ்வளவுதான். நான் பாவி, நாய் என்ற விளக்கம் வேண்டாம். அப்படிச் சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை, செத்தவருடைய மகன் தகப்பன் காலடியில் விழுந்து அழுததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உள்ளே ஏதோ கலங்கியது. கலண்டரில் மற்ற நாளுக்குப் புள்ளி, அந்த நாளுக்கு மட்டும் வட்டம் போட்டேன். அடுத்த நாள் மீண்டும் புள்ளி. பூச்சியத்திலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அது பிடித்தால் சரி. ஒரு இரவோடு நிற்காமல் நாள்கணக்கில் குடித்துவிட்டீர்கள் என்றால் முதலில் சொன்ன ஆஸ்பத்திரிக் கதை மறுபடி பொருந்தும்.

என் மனைவி கேட்டார், "பரிவு பரிவு எண்டு சொல்லி உங்களுக்கு நீங்களே சலுகை குடுக்கிறியளோ?" நியாயமான கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற அளவு இது: அன்று பின்னேரம் நான் போய் ஏதாவது திருத்தினேனா? அன்று சங்கக்கடையில் குடிக்காகப் பட்ட கடனில் ஆயிரம் ரூபா கட்டினேன். ஏசிக்கொண்டு கிடந்த காலத்தில் ஒரு ரூபா கட்டியதில்லை, அந்தப் பக்கம் தலை காட்டவே வெட்கம்.

வைகாசி மாதத்தைக் கலண்டரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். மே 18ஆம் திகதி, போரில் செத்தவர்களை நினைத்துக் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சி மணத்தோடு எல்லாம் திரும்பி வரும். எங்கள் பக்கத்தில் அந்தக் கிழமை தனிய இருக்கவேகூடாத கிழமை. மாரி மழை தகரத்தில் விழுகிற சத்தமும் எனக்கு அப்படித்தான், தறப்பாளில் விழுந்த சத்தம் அதற்குள்ளால் கேட்கும்.

செத்துப்போன தகப்பனோடு

இதைக் கடைசியாக வைத்தேன், நீங்களும் கடைசியாகவே தொடுங்கள். ஒரு வருசமாவது போகட்டும்.

2009 தை மாதம் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டோம். உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன். பங்குனியில் மாத்தளனில் ஷெல் விழுந்தபோது அப்பா பங்கருக்குள் என் தங்கச்சிக்கு மேலே கவிழ்ந்து படுத்தார். துண்டு அவருடைய முதுகில் ஏறியது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை. பூவரசந்தடி பிடித்த அதே கை அவளுடைய தலையைப் பொத்தியிருந்தது. இப்படிச் செத்த ஒரு மனிதரைப் பற்றி நான் என்ன குறை சொல்ல? பதின்மூன்று வருசம் ஒன்றும் சொல்லவில்லை. குடித்தேன்.

இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் அவர் செய்த அநியாயம், திகதி, இடம், தடி, அம்மாவின் உடைந்த வளையல், எல்லாம். மற்றத் தாளில் அவர் செய்த நல்லது. ஒரே நாளில் இரண்டையும் எழுதாதீர்கள். முக்கியமாக, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்காதீர்கள். கடைக் கொப்பிப் பழக்கத்தில் நான் மனதுக்குள் பற்று வரவு பார்க்கத் தொடங்கி, மாத்தளனை வரவில் வைத்து, அந்தப் பிள்ளை வாங்கிய அடி முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டேன். பிறகு ஒரு கிழமை நெஞ்சு கல் மாதிரி. இரண்டு தாளும் இரண்டு தாளாகவே இருக்கட்டும். அப்பாவை அவருடைய அப்பு மாட்டுக் கயிற்றால் அடித்தாராம், அதுவும் எனக்குத் தெரியும். அதை மூன்றாவது தாளில்தான் எழுதினேன். தகப்பன் பக்க நியாயம் விளங்குவது நல்லதுதான், ஆனால் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை கதைத்து முடிய முதல் அவசரப்பட்டு மன்னித்துவிடவேண்டாம்.

2023 ஆடி அமாவாசைக்கு வழமைபோலக் காத்தோட்டிக்காய்க் கறியோடு படைத்தோம். அப்பாவின் படத்துக்கு முன்னால் கால் போத்தல் சாராயம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சித்தப்பா மடிக்குள் கொண்டுவந்திருந்தார். நான், "சித்தப்பா, இந்த முறை வேண்டாம். நான் தேத்தண்ணி வைக்கிறன்" என்றேன்.

"அண்ணை குடிச்ச தேத்தண்ணியை நான் அறிவன்" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "செத்த மனிசன்ர ஆசையடா அது. உனக்கு ஏலாட்டி நீ குடிக்காதை."

"அவருக்கு வைச்சா, பிறகு அதை ஆர் சித்தப்பா குடிக்கிறது?"

அவர் பதில் சொல்லவில்லை. போத்தலை மடிக்குள் திருப்பிச் செருகிக்கொண்டு சாப்பிடாமலே படலையைத் திறந்து போய்விட்டார். நான் மூக்குப்பேணியில் தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டு பனங்கட்டியோடு படத்துக்கு முன்னால் வைத்தேன். தாள்களை எங்கும் வாசிக்கவில்லை, சட்டைப் பையில் இருந்தன.

பின்னேரம் நாலு மணியளவில் சித்தப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டது. வந்து திண்ணையில் குந்தி, கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு பேணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆறிப் போச்சடா, கொஞ்சம் சுடவைச்சுக் கொண்டா" என்றார்.